பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது வேலையையும் பட்ஜெட்டையும் கையாள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970, 80-களில் நம் ஊர்களில் கட்டிய தனி வீடுகள் இப்போது வரிசையாகப் பெரிய பழுதுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய்), மொசைக் தரை, தட்டோடு (சுட்ட களிமண் ஓடு) பதித்த மொட்டை மாடி, அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட் என்று ஏறக்குறைய எல்லா வீடும் ஒரே மாதிரி. திருச்சியில் எங்கள் பெற்றோர் வீட்டுக்கு வேலை பார்த்தபோதும், பிறகு அக்கா வீட்டு வேலைக்குத் துணையாக நின்றபோதும் உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை.

மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

புது வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிடலாம். பழைய வீட்டில் பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உடைக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆகவே சதுர அடிக் கணக்கில் ஒரே தொகை சொல்லும் கொட்டேஷனை நம்பி இறங்காதீர்கள்.

கொட்டேஷன் வாங்கும் முன் வீட்டைச் சோதிக்கக் கொஞ்சம் செலவு செய்யுங்கள். சீலிங்கைக் கட்டையால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தில் காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கலாம். ஈரம் தெரியும் சுவரில் நாலு இடத்தில் பூச்சைக் கொத்திப் பாருங்கள். ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றி ஒயரின் நிலையைப் பாருங்கள். குளியலறைக்குப் போகும் ஜிஐ பைப்பில் ஒரு துண்டை அறுத்து உள்ளே பாருங்கள். எங்கள் வீட்டில் முக்கால் இன்ச் பைப்புக்குள் துரு கட்டிக்கட்டி, பென்சில் நுழையவும் இடமில்லாமல் இருந்தது. மேலே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் ஷவரில் ஏன் சொட்டுச் சொட்டாக வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

இதையெல்லாம் பார்த்தபின் வேலை வாரியாக எஸ்டிமேட் வாங்குங்கள். கையில் 20 லட்சம் இருந்தால் 16 லட்சத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மீதி 4 லட்சம் எதிர்பாராததற்கு. அது கேட்க நிறையத்தான் இருக்கும். ஆனால் பழைய வீடு அதைக் கேட்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் விடவே கூடாது?

ஒவ்வொரு செலவையும் ஒரே கேள்வியில் வைத்துப் பாருங்கள்: ஐந்து வருடம் கழித்து இதை மாற்ற வேண்டுமென்றால் எதையாவது உடைக்க வேண்டியிருக்குமா? உடைக்க வேண்டும் என்றால் இப்போதே நல்லதாகச் செய்துவிடுங்கள். உடைக்காமல் மாற்ற முடியும் என்றால் அது காத்திருக்கட்டும்.

சுவருக்குள் போகும் பைப், ஒயரிங், குளியலறை வாட்டர் ப்ரூஃபிங், மேல்தளம், கழிவுநீர்க் குழாயின் வாட்டம் (சரிவு), கரையான் மருந்து ஆகியவை முதல் வகை. வீட்டுக்கு வருபவர் கண்ணில் இவற்றில் ஒன்றுகூடப் படாது. அதனால்தான் பணம் இறுகும்போது எல்லோரும் முதலில் இவற்றில் கைவைக்கிறார்கள். டைல்ஸ் கடையில் சதுர அடிக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதிப்பவர், அந்த டைல்ஸுக்கு அடியில் போகும் வாட்டர் ப்ரூஃபிங்கில் பேரம் பேசுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். குளியலறையில் கசிவு வந்தால் அந்த டைல்ஸும் சேர்ந்துதானே பெயர்க்கப்படும்?

ஒயரிங்கில் லைட், ஃபேனுக்கு ஒன்றரை, பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கும் கீசருக்கும் நாலு சதுர மில்லிமீட்டர் ஒயர் என்பது வழக்கம். கீசருக்கும் இரண்டரையே போதும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று கட்டாயம் வேண்டும். ஷாக் அடித்தால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான், எம்சிபி (லோடு கூடினால் விழும் சுவிட்ச்) அந்த வேலையைச் செய்யாது. எர்த்தையும் புதிதாகப் போடுங்கள். ஏசி, கீசர், இன்டக்ஷன் எல்லாம் சேர்ந்து லோடு கூடும் என்பதால், த்ரீ ஃபேஸ் தேவையா என்று பார்த்து மின்வாரியத்தில் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

காத்திருக்கக்கூடியவை: ஃபால்ஸ் சீலிங், முன்பக்க எலிவேஷன், கேட், காம்பவுண்டு சுவர் பெயின்ட், விலை கூடின குழாய்த் தலைகள், அலமாரிக் கதவுகள், மாடுலர் கிச்சன்.

கிச்சனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழு பட்ஜெட்டையும் விழுங்கும் இடம் அது. அக்கா வீட்டில் மாடுலர் கிச்சனுக்குச் சொன்ன தொகை, வீடு முழுக்க ஒயரிங், பிளம்பிங் இரண்டுக்கும் சேர்த்து ஆனதைவிட அதிகம். கடைசியில் மேடைக்கு கிரானைட், கீழே கடப்பா கல்லில் தட்டுகள், சிங்க்குக்குக் கீழே மட்டும் கதவு என்று முடித்தோம். கடப்பா கல்லுக்குத் தண்ணீர் பயம் இல்லை, கரையான் பயம் இல்லை. ஆனால் மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், ஓவன், வாட்டர் ஃபில்டர், சிம்னி எல்லாவற்றுக்கும் பிளக் பாயின்ட்டை அன்றைக்கே அதனதன் உயரத்தில் வைத்தாயிற்று. என்றைக்குக் கையில் பணம் வருகிறதோ அன்றைக்கு அளவெடுத்து மரவேலை செய்து பொருத்திக்கொள்ளலாம், சுவரைத் தொட வேண்டாம். அப்படிச் செய்யும்போது சிங்க் பக்கத்துக்காவது பாய்லிங் வாட்டர் ப்ரூஃப் பிளைவுட் போடுங்கள். பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) நம் ஊர் சமையலறை ஈரத்துக்குத் தாங்காது, உப்பிவிடும்.

மாடி ஒழுகுகிறது. மேலே வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதாதா?

விரிசல் மேலோட்டமாக இருந்தால் சில வருடம் தள்ளலாம். சீலிங்கில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் போதாது. கம்பி துருப்பிடிக்கும்போது பருமன் கூடி, தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. கீழிருந்து சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் ஒரு மழைக்காலம் அழகாக இருக்கும். உள்ளே துரு நிற்காது.

செய்ய வேண்டிய முறை இது: பொள்ளலான காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி எடுத்து, கம்பியை பிரஷ் போட்டுத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைப்பது. கம்பி இளைத்துப்போயிருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனால் இதில் அவர் வார்த்தை மட்டும் போதாது. அப்புறம் மேலே பழைய தட்டோட்டைப் பெயர்த்து, தண்ணீர் குழாய் வாய்க்குப் போகும்படி வாட்டம் திருத்தி, வாட்டர் ப்ரூஃபிங் செய்து, அதன் மேல் டைல்ஸ் பதிப்பது. பதிக்கும் முன் குழாய் வாயை அடைத்து ஒரு நாளாவது தண்ணீர் தேக்கிக் கீழே ஈரம் இறங்குகிறதா என்று பாருங்கள். குளியலறைக்கும் இதே சோதனைதான்.

இந்த வேலை அக்டோபருக்கு முன் முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குள் மாடியைத் திறந்துபோட்டால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

நடுச்சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கலாமா?

அந்தக் கால வீடுகளில் பெரும்பாலும் தூண் கிடையாது. 9 இன்ச் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. நாலரை இன்ச் தடுப்புச் சுவரை எடுப்பது வேறு, 9 இன்ச் சுவரை எடுப்பது வேறு. பின்னதற்கு இன்ஜினியர் வரைபடமும் இரும்பு பீமும் முட்டுக்கொடுப்பதும் தேவைப்படும். செலவைக் கேட்டபின் பலர் சுவரில் அகலமான வாசல் ஒன்று திறப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கும் மேலே லிண்டல் (திறப்புக்கு மேலே சுமை தாங்கும் சிறு பீம்) வேண்டும், அதற்கும் இன்ஜினியரைக் கேட்க வேண்டும்.

லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடு சேர்த்தா?

புதுப்பிக்கும் வேலைக்குக் கலந்து வைப்பதே நல்லது என்பேன். உடைப்பதற்கு மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுங்கள்; தினக்கூலிக்கு விட்டால் இழுத்துக்கொண்டே போகும். பூச்சும் டைல்ஸும் சதுர அடிக் கணக்கில், ஒயரிங் பாயின்ட் கணக்கில். சிமெண்ட், மணல், பைப், ஒயர் எல்லாம் நீங்களே வாங்குங்கள். பூச்சுக்கு பி-சாண்ட், காங்கிரீட்டுக்கு எம்-சாண்ட் (இரண்டும் கல்லை அரைத்துச் செய்யும் மணல்) என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

சண்டை வருவது ரேட்டில் இல்லை, அளப்பதில். பூச்சு அளக்கும்போது ஜன்னல், கதவு இடத்தைக் கழிப்பார்களா? ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டை) சதுர அடியா, ரன்னிங் அடியா (நீளக் கணக்கா)? ஒரே போர்டில் சுவிட்சும் பிளக்கும் இருந்தால் ஒரு பாயின்ட்டா, ஒன்றரையா? சாரம் யார் செலவு? மணலை மாடிக்கு ஏற்றும் கூலி யாருடையது? ரப்பிஷ் அள்ளும் லாரி யார் கணக்கு? பழைய ஜன்னல் கம்பி, ஜிஐ பைப், மரம் விற்ற காசு யாருக்கு? இவை எல்லாவற்றுக்கும் பதில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

பணத்தை எப்படிக் கொடுப்பது?

நம் ஊரில் சனிக்கிழமை சம்பளம். ஆட்களுக்குக் கூலி கொடுக்க மேஸ்திரிக்குப் பணம் வேண்டும், அதைத் தாமதிப்பது நியாயமும் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைப் பணம் முடிந்த வேலைக்குக் கணக்காகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை மேஸ்திரியோடு டேப் பிடித்து அளந்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். ஹால் பூச்சு 620 சதுர அடி, மாடிப்படி ஓரம் 85 என்று எழுதி அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை அந்தத் தொகையில் நூற்றுக்குப் பத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். பிடித்தது வேலை முழுதும் முடிந்து குறைகள் சரிசெய்தபின். இப்படிச் செய்யும்போது வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதும் தானாகவே தெரிந்துவிடும். ‘பாதி முடிஞ்சிருச்சு சார்’ என்பதற்கும் நோட்டில் உள்ள அளவுக்கும் இருக்கும் தூரம் இரண்டாவது வாரமே புரியும்.

“தங்கச்சி கல்யாணம், ஒரு ஐம்பதாயிரம் முன்பணமா கொடுங்க” என்று கேட்டால்? மனிதாபிமானமாக உங்களால் முடிந்ததைக் கைமாற்றாகக் கொடுங்கள், அதை வேலைக் கணக்கில் கலக்காதீர்கள். வேலையைவிடப் பணம் முன்னே போய்விட்டால், ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள்.

“இதோட இதையும் உடைச்சிட்டா நல்லாருக்கும் சார்” என்று தினமும் ஒன்று சொல்கிறார்கள். என்ன செய்வது?

பட்ஜெட் கரைவது இங்கேதான். பெரும்பாலும் அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கும், அதுதான் சிக்கல். குளியலறையை உடைத்தோம், பக்கத்து அறைச் சுவரின் அடிப்பாகம் முழுக்க ஊறிப்போயிருந்தது. பூச்சை எடுத்து, செங்கல்லைக் காயவைத்து, மறுபடி பூச வேண்டும். அதைச் செய்யாமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண்.

நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம்: சுத்தியல் விழும் முன் மூன்று விஷயம் நோட்டில் ஏற வேண்டும். எவ்வளவு செலவு, எத்தனை நாள், இதற்குப் பதிலாக எது போகிறது. மூன்றாவதை யாரும் எழுத விரும்ப மாட்டார்கள். ஆனால் அதை அன்றைக்கே எழுதாவிட்டால் கூடுதல் வேலை எல்லாம் சேர்ந்து கடைசியில் பெயின்ட் தலையில் விழும். அந்த ஊறிய சுவருக்காக ஹாலின் ஃபால்ஸ் சீலிங் போயிற்று. ஃபேன், டியூப்லைட்டோடு ஹால் இன்றும் நன்றாகவே இருக்கிறது.

ஒதுக்கி வைத்த பணம் மேல்தளம், பைப், சுவர் ஈரம் போன்ற தவிர்க்க முடியாதவற்றுக்கு மட்டும். “டைல்ஸ் இன்னும் கொஞ்சம் நல்லதா எடுப்போமே” என்பதற்கு அதைத் தொடக்கூடாது.

வீட்டுக்குள்ளிருந்தும் எக்ஸ்ட்ரா வரும். அம்மாவுக்குப் பூஜை அறைக்கு மணி வைத்த கதவு, தம்பிக்கு மாடியில் ஓர் அறை. எல்லாரையும் உட்கார வைத்து, ஆளுக்கு ஒன்று என்று கேட்டு எழுதிவிடுவது நல்லது. அப்பா கேட்டது குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பியும் வழுக்காத டைல்ஸும். மொத்த வேலையில் மிகக் குறைந்த செலவு அதற்குத்தான் ஆயிற்று, அன்றாடம் மிகப் பயன்படுவதும் அதுதான். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை யாரும் கேட்காமலே போட்டுவிடுங்கள்.

வேலை நகரவே இல்லை. யார் மேல் தப்பு?

பாதி நேரம் முடிவு சொல்லாத நம் மேல்தான். வாஷ் பேசின் எந்த மாடல் என்று தெரியாமல் பிளம்பர் பைப் உயரம் வைக்க முடியாது. டைல்ஸ் கனம் தெரியாமல் கதவு நிலை மட்டம் வைக்க முடியாது. கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் சுவிட்ச் வைத்தால் அது கட்டிலுக்குப் பின்னால் போய்விடும். எனவே குழாய், பேசின், டைல்ஸ், கட்டில் இருக்குமிடம் எல்லாம் சுவரில் காடி (பைப், ஒயர் போகும் பள்ளம்) வெட்டும் முன் முடிவாகட்டும்.

வரிசையும் முக்கியம்: உடைப்பு, மேல்தளப் பழுது, காடி வெட்டிப் பைப்பும் ஒயர்க் குழாயும், பூச்சு, வாட்டர் ப்ரூஃபிங், டைல்ஸ், மரவேலை, பெயின்ட். இதில் ஒருவர் வராவிட்டால் அடுத்தவர் வேறு சைட்டில் ஒப்புக்கொண்டுவிடுவார். அவரைத் திரும்பப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும்.

சில தாமதங்களை விரட்டக்கூடாது. பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும். புதுப் பூச்சு மேல் பெயின்ட் அடிக்க ஏறக்குறைய 28 நாள் காய வேண்டும். கிரகப்பிரவேசத் தேதி குறித்தாயிற்று என்று ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் உரிந்துவரும். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, தேர்தல் என்றால் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். வட மாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் போவார்கள். இவற்றைக் காலண்டரில் குறித்துக்கொண்டுதான் முடியும் தேதி பேச வேண்டும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு மேற்பார்வை பார்க்க முடியுமா?

முடியும், கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரைச் சம்பளத்துக்கு வைத்தால். உறவினரை மட்டும் நம்பினால் உறவு கெடும். காடி வெட்டிப் பைப், ஒயர் போட்டதும், பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பின்னாளில் டிரில் போடும்போது பைப் எங்கே போகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும். உள்ளூரில் இருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும்.

பழையதில் எதை வைத்துக்கொள்ளலாம்?

தேக்கு நிலை, கதவு, ஜன்னலை விடாதீர்கள். சுரண்டிப் பாலிஷ் போட்டால் இன்று கடையில் வாங்கும் எதுவும் அதற்கு ஈடாகாது. மொசைக் தரை விரிசல் இல்லாமல் இருந்தால் மெஷின் பாலிஷ் போதும். பெயர்ப்பது, அள்ளுவது, புது டைல்ஸ், பதிக்கும் கூலி நான்கும் மிச்சம். பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டலாம்தான். ஆனால் தரை உயரும், எல்லாக் கதவையும் அடியில் சீவ வேண்டும், குளியலறை வாசலில் மட்டம் இடிக்கும்.

அனுமதி, கடன், வரி?

பூச்சு, தரை, பெயின்ட், ஒயரிங் மாதிரி வேலைக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படாது. அறை கூட்டினாலோ மாடி எடுத்தாலோ தேவை. 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்குப் பொருந்தும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் வேலை அதில் அடங்குமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இடிபாடுகளைத் தெருவிலோ வாய்க்காலிலோ கொட்டினால் அபராதம் உண்டு. சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூரில் இதைப் பிரித்து அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன.

பழுதுபார்க்க வாங்கும் கடனின் வட்டிக்கு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரிமுறையில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு. அதை நம்பிக் கடனைக் கூட்டாதீர்கள். சிமெண்ட் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமானது. அதற்கு முந்தைய எஸ்டிமேட் கையில் இருந்தால் புதிதாக வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது அங்கேயே இருக்கலாமா?

மாடி, கீழ் என்று பிரித்துச் செய்தால் இருக்கலாம். ஒரு கழிவறையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை, வயதானவர்கள் இருந்தால் வேண்டாம்; நாலு மாத வாடகையையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

பணம் பாதியில் தீர்ந்தால் எங்கே நிறுத்துவது?

காடி வெட்டிய சுவரோடு நிறுத்தாதீர்கள். மேல்தளம் அடைபட்டு, பைப்பும் ஒயரும் பூச்சுக்குள் போய், ஒரு குளியலறையும் தரையும் முடிந்து, சுவருக்கு ப்ரைமர் அடித்திருந்தால் தாராளமாகக் குடிபோகலாம். இதற்காகவே கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு செலவான அன்றைக்கு ஒரு முறை உட்கார்ந்து, மீதிப் பணம் இந்த நிலைக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். போதாது என்றால் மற்ற எல்லாவற்றையும் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பிடித்துவைத்த பத்து சதவீதத்தைக் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

டைல்ஸை ஒவ்வொன்றாகக் காசால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் மாற்றச் சொல்லுங்கள். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அது எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். கீசர், ஏசி, மிக்ஸி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு எம்சிபி விழுகிறதா என்று பாருங்கள். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கினால் உடனே விழ வேண்டும். முதல் மழை வரை கொஞ்சம் தொகையை நிறுத்திவைக்க மேஸ்திரி சம்மதித்தால் இன்னும் நல்லது. டைல்ஸில் ஒரு பெட்டியும், பெயின்ட் நிற எண் எழுதிய சீட்டும், பூசும் முன் எடுத்த படங்களும் உங்கள் கைக்கு வந்தபின் கணக்கை முடியுங்கள்.